மாமிக்குத் தெரிஞ்சுபோன பத்தாயிரம்

திருகோணமலை உவர்மலையில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா, பேர் போடவேணாம் எண்டு கேட்டிருக்கிறா, போடேல்ல. நாலு பக்கக் கடிதம், முக்கியமானதை மட்டும் அவட சொல்லிலயே தாறன்.

“ஐயா, எனக்கு 39 வயசு. ஒரு கம்பனி ஒபீஸ்ல வேலை, சம்பளம் 110,000. மனிசன் ஹாட்வெயார் கடையொண்டில மனேஜர். ரெண்டு பிள்ளைகள், மாமியும் எங்களோடதான், அவ தம்பலகாமம். எங்கட அப்பா கான்சர் எண்டு மகரகம ஆஸ்பத்திரியில மாசக்கணக்காக் கிடக்கக்குள்ள முன்பின் தெரியாத ஆக்கள் சாப்பாடு, மருந்து, எங்களுக்குப் படுக்க இடம் எண்டு எவ்வளவோ செய்தாங்க. அப்பா போனாப்பிறகு நானும் சம்பளத்தில பத்தில ஒண்டு மாதிரி எடுத்து வைக்கத் தொடங்கினன், அஞ்சு வருஷமாச்சு, இப்ப மாசம் 10,000. அதில 6,000 மூதூர்ப் பக்கம் ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகளுக்கு கிளாஸ் காசு, பஸ் காசு. 4,000 ஆபிரிக்காவில நுளம்புவலை குடுக்கிற நிறுவனம் ஒண்டுக்கு கார்ட்டால ஒன்லைன்ல போகுது. மனிசனுக்கு மூதூர்ப் பிள்ளைகள்ட விஷயம் மட்டும்தான் தெரியும். போன மாசம் கார்ட் மெசேஜ் வந்ததை சின்ன மகள் எழுத்துக்கூட்டி சத்தமா வாசிச்சிட்டாள், மாமி குசினியில தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவ, என்ன காசு ஆருக்குக் காசு எண்டு தொடங்கினது இன்னும் முடியேல்ல. ‘வீட்டுச் சுவருக்கு பெயின்ட் அடிக்க வழியில்ல, ஆபிரிக்காக்காரனுக்கு வலை’ எண்டுறா. மச்சாள் ரோட்டெல்லாம் சொல்லிப்போட்டா. கோவிலடியில ‘கொடைவள்ளல் வாறா’ எண்டு பகிடி. ஒராள் மனிசனைக் கேட்டிருக்கிறார், ‘உங்கட மனிசி சபைக்குப் போகத் தொடங்கிட்டாவோ, பத்தில ஒண்டு குடுக்கிறது அவங்கதானே’ எண்டு. இதுக்குள்ள சொந்தத்தில ரெண்டுபேர் கடன் கேட்டு வந்தாச்சு. மனிசன் ஒண்டும் பேசேல்ல, ஆனா மூண்டு நாள் என்ட முகம் பாக்கேல்ல. நிப்பாட்டவா? நிப்பாட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டு வேற எக்கவுண்ட் திறந்து ஒளிச்சுக் குடுக்கவா? ஒரு பிரெண்ட் சொல்லுறா பேஸ்புக்ல வெளிப்படையா எழுது எண்டு, எழுதினா எடுப்புக் காட்டுறா எண்டு சொல்லமாட்டாங்களா? வரி ஏதும் குறையுமோ எண்டும் சொல்லுங்க.”

தங்கச்சி, மூண்டு வழி எழுதியிருக்கிறீங்க, நடுவில உள்ளதை முதல்ல வெட்டிவிடுறன். வேற எக்கவுண்ட் கதை வேணாம். நான் 27 வருஷமா மற்ற ஆக்கள்ட கணக்குப் பாத்துச் சாப்பிடுற ஆள், ஒளிச்சு வச்ச கடன், ஒளிச்சுக் கட்டின சீட்டு, ஒளிச்சு அடகு வச்ச நகை எல்லாம் ஒருநாள் என்ட மேசைக்கு வந்துதான் சேருது, ஒளிச்சுக் குடுத்த தருமமும் ஒருக்கா அப்பிடித்தான் வந்தது, அதைச் சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன்.

கடை வச்சிருந்த ஒரு முதலாளி, நல்ல மனிசன், கணக்கெல்லாம் சி.ஆர். கொப்பியில தன்ட கையாலதான் எழுதுவார். ஒவ்வொரு மாசமும் கடைசி வரியில பென்சிலால ‘மூதூர் வீடு 5,000’ எண்டு இருக்கும். எனக்கு அது என்னெண்டு தெரியும். அவர்ட கடையில மூட்டை தூக்கின நாட்டாமை ஒராள் 2006இல மூதூர்ச் சண்டைக்குள்ள அம்பிட்டுச் செத்தவர், அந்தாள்ட பெஞ்சாதி பிள்ளைகளுக்குத்தான் அந்தக் காசு. ஒன்பது வருஷம் ஒரு மாசம் தவறேல்ல. வீட்டில ஒரு சொல்லுச் சொல்லவுமில்ல, ஏனெண்டு கேட்டா ‘வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாது தம்பி’ எண்டுவார். ஒருநாள் நெஞ்சு நோகுது எண்டு படுத்தவர் எழும்பேல்ல. எட்டுச் செலவு முடிஞ்ச கையோட அவர்ட மனிசியும் மூத்த மகனும் கொப்பிக் கட்டோட என்ட ஒபீசுக்கு வந்தாங்க, அந்த அம்மா ஒரு பக்கத்தை விரிச்சு அந்தப் பென்சில் எழுத்தில விரலை வச்சுக்கொண்டு, ‘இந்த வீட்டில ஆர் இருக்கிறா?’ எண்டு கேட்டா பாருங்க. மகன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். அப்பதான் எனக்கே உறைச்சது, ‘வீடு’ எண்ட சொல்லு அவவுக்கு எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல நம்பேல்ல, நீங்களும் உடந்தை எண்டு எனக்கும் விழுந்தது, விழவேண்டியதுதான். முப்பத்தோராம் நாள் அந்த மூதூர் மனிசி ரெண்டு பொடியளையும் கூட்டிக்கொண்டு வந்து வாசல்ல நிண்டு அழுதாப்பிறகுதான் இவவுக்கு விளங்கினது. பிறகு என்னட்டச் சொன்னா, ‘எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீபாவளிக்கு நான் அந்தப் பிள்ளைகளுக்கு உடுப்பெடுத்துக் குடுத்திருக்க மாட்டனா’ எண்டு.

உங்கட மனிசன் மூண்டு நாள் முகம் பாக்காததும் இதால இருக்கலாம். 4,000 ரூபா போனதால இல்ல, 6,000த்தைச் சொன்னவள் 4,000த்தை ஏன் சொல்லேல்ல எண்ட நினைப்பு. சம்பளம் உங்கடதான், அதில எனக்கு மாற்றுக் கருத்தில்ல, ஆனா அடுப்பு ஒண்டுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடிஞ்சு, மாமி படுத்தாப்பிறகு, அஞ்சு வருஷத்துக் கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதி அவருக்கு முன்னால வையுங்க. மன்னிப்புக் கேக்கிற மாதிரி வேணாம், வாதாடுற மாதிரியும் வேணாம், கணக்குக் காட்டுற மாதிரி. அவர் ரெண்டு மூண்டு கேள்வி கேப்பார், கேக்கிறது நியாயம்: கார்ட்ல நிலுவை இருக்கா, பிள்ளைகளுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு, ரெண்டுபேர்ல ஒராள்ட வேலை போனா எத்தனை மாசம் தாங்கும். இதில கார்ட் விஷயத்தை நானும் கேக்கிறன், நீங்க எழுதேல்ல. மாசக் கடைசியில கார்ட்டை முழுசாக் கட்டி முடிக்கிறீங்க எண்டா சரி. இல்லாம நிலுவையை இழுத்துக்கொண்டு வருஷத்துக்கு 20 வீதத்துக்கு மேல வட்டி கட்டிக்கொண்டு அதே கார்ட்டால தருமம் செய்யிறீங்க எண்டா, குறை நினைக்காதீங்க, அதை நாளைக்கே நிப்பாட்டிப்போட்டு முதல்ல கார்ட்டைக் கட்டுங்க, வலை நாலு மாசம் பிந்திப் போகட்டும். மனிசன் 10,000த்தை 7,000 ஆக்குவமா எண்டு கேட்டா ஆக்குங்க. ஒளிச்சுக் குடுக்கிற பத்தை விட ரெண்டுபேரும் தெரிஞ்சு குடுக்கிற ஏழு நிண்டு பிடிக்கும், நான் பாத்த குடும்பங்கள்ல அப்பிடித்தான்.

வரியை இதிலயே சொல்லிவிடுறன், பெரிய கதை இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 1,800,000 வரைக்கும் வருமான வரி இல்ல, உங்களுக்கு வருஷம் 1,320,000 தானே வருது, கட்டாத வரியில எதைக் குறைக்கிறது. வரி கட்டுற ஆக்களுக்கும் அரசாங்கம் அங்கீகரிச்ச தரும நிறுவனத்துக்குக் குடுத்தாத்தான் கழிப்பாங்க, அதுவும் வரிக்குரிய வருமானத்தில மூண்டில ஒண்டு, இல்லாட்டி 75,000, ரெண்டில எது குறைவோ அது. பிள்ளைகளுக்குக் கையில குடுக்கிறதும் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போறதும் இதுக்குள்ள வராது.

இனி மாமி. ‘நம்மட சனம் கிடந்து கஷ்டப்படக்குள்ள ஆபிரிக்காவுக்கு ஏன்’ எண்டது சும்மா தட்டிவிடுற கேள்வி இல்ல, இந்த ஊர்ல சண்டை, சுனாமி, 2022 பொருளாதார நெருக்கடி எண்டு ஒண்டுமாறி ஒண்டு பட்ட ஆக்கள் கேக்கத்தான் செய்வாங்க. ஆனா மாமி தம்பலகாமம் எண்டு எழுதியிருக்கிறீங்க பாருங்க, அந்த ஒரு சொல்லுல மறுமொழி இருக்கு. நானும் தம்பலகாமத்துப் பக்கம் வளந்தவன்தான். வயலும் குளமும் உள்ள ஊர், குலைப்பன் காய்ச்சல் வராத வீடு இருக்கேல்ல. சின்ன வயசில மலேரியாக்காரர் முதுகில டாங்கியைக் கட்டிக்கொண்டு வருவாங்க, அம்மா சட்டிபானை, உடுப்பு, சாமிப் படம் எல்லாத்தையும் முத்தத்துக்குத் தூக்கிப் போடுவா, அவங்க மலத்தியன் எண்ட நுளம்பு மருந்தை அடிச்சிட்டுப் போனா சுவரெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு ஒரு நாத்தம் அடிக்கும், ரெண்டு மூண்டு நாளைக்குச் சோறு கூட அந்த மணம்தான், கோழி செத்த பூச்சியைத் தின்னாம கலைக்கிறது எங்கட வேலை. மாமிக்கு என்னை விட வயசு கூட, இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

1934, 35இல இலங்கையில மலேரியா வந்து 80,000 பேர் அளவில செத்திருக்கிறாங்க. பிறகு டீடீடீ எண்ட பூச்சி மருந்தை அடிச்சு அடிச்சு 1963இல நாடு முழுக்க 17 பேருக்குத்தான் காய்ச்சல் எண்ட அளவுக்குக் கொண்டுவந்தாங்க, அதோட முடிஞ்சுது எண்டு அடிக்கிறதை நிப்பாட்டினாங்க, அஞ்சாறு வருஷத்துக்குள்ள அஞ்சு லட்சத்துக்கு மேல போய் நிண்டது. திருப்பி எழும்ப எவ்வளவு காலம் எண்டு பாருங்க, இஞ்ச கடிச்ச நுளம்பால வந்த கடைசிக் காய்ச்சல் 2012 ஒக்டோபர்ல, மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2016 செப்டெம்பர்ல. அதுக்கு எங்கட சுகாதாரத் துறை ஆக்கள் சண்டைக்குள்ளயும் ஓடித் திரிஞ்சாங்க, அதைக் குறைச்சுச் சொல்லமாட்டன், ஆனா காசு முழுக்க எங்கட இல்ல. கடைசிக் காலத்தில குடுத்த மருந்து ஊறின வலையெல்லாம் குளோபல் ஃபண்ட் எண்ட வெளிநாட்டு நிதியிலயும் வந்தது. எந்த நாட்டில எந்த மாமி ‘ஆரோ இலங்கைக்காரனுக்கு வலையா’ எண்டு கேட்டாவோ தெரியாது. இண்டைக்கும் வருஷத்துக்கு ஆறு லட்சம் பேர் அளவில மலேரியாவால சாகிறாங்க, கிட்டத்தட்ட எல்லாம் ஆபிரிக்காவில, நாலில மூண்டு பேர் அஞ்சு வயசுக்குக் கீழ. ஒரு வலை ஏறத்தாழ 2 டொலர், டொலரை 300 ரூபா எண்டு வச்சா உங்கட 4,000த்துக்கு மாசம் ஆறு வலை. பெயின்ட் அடிக்கிற காசோட ஒப்பிட்டுச் சொல்லாதீங்க, அது சண்டைக்குத்தான் போகும். சுவர் பெயின்டை அடுத்த வருஷம் இந்த மாசம் எண்டு சொல்லித் தனியா ஒரு தொகை போடுங்க, மாமிட கேள்வியில உள்ள உண்மையான பாதி அதுதான்.

சபைக்குப் போறாவோ எண்டு கேட்டது எனக்குச் சிரிப்பையும் தந்தது, கொஞ்சம் கவலையையும் தந்தது. பத்தில ஒண்டு எண்டா தசமபாகம், சரி, கிறிஸ்தவ ஆக்கள்ட பழக்கம். முஸ்லிம் ஆக்கள் ஸகாத் எண்டு சேமிப்பில 2.5 வீதம் கணக்குப் பாத்துக் குடுக்கிறாங்க, கிண்ணியாவில உள்ள என்ட கிளையன்ட் ஆக்கள் நோன்பு மாசம் வந்தா கல்குலேட்டரோட வந்து நிப்பாங்க, ஒரு ஒளிவு மறைவும் இல்ல. வெசாக்குக்கு சிங்கள ஆக்கள் தன்சல் எண்டு இலவசச் சாப்பாட்டுப் பந்தல் போட்டு ரோட்டில போற வாகனத்தை மறிச்சு மறிச்சுக் குடுக்கிறாங்க. சமயமே இல்லாமலும் பத்து வீதம் இருக்கு, 2009இல ஒக்ஸ்ஃபோர்ட்ல டொபி ஓர்ட், வில்லியம் மக்அஸ்கில் எண்ட ரெண்டுபேர் தொடங்கின ஒரு அமைப்பில உழைக்கிறதில பத்தில ஒண்டு குடுப்பம் எண்டு பேரைப் போட்டு உறுதி குடுத்த ஆக்கள் பத்தாயிரம் பேர் அளவில இருக்கிறாங்க. பேரை வெளிய போடச் சொல்லுறதுக்கு அவங்க சொல்லுற காரணம் லேசானது, பக்கத்து வீட்டுக்காரன் செய்யிறான் எண்டு தெரிஞ்சாத்தான் எனக்கும் செய்யலாம் எண்டு தோணும். எங்கட ஆக்களுக்கு மட்டும் வெளிய சொல்லுற பழக்கம் இல்லையோ எண்டா, அடப்போங்க, திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர்ல ‘இண்டைய உபயம் இன்னார் குடும்பம்’ எண்டு மூண்டு ரோட்டுக்குக் கேக்கச் சொல்லுறம், படிக்கட்டில பேர் வெட்டுறம், அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி எண்டு நோட்டிசில அடிக்கிறம், அதை ஒருத்தரும் எடுப்பு எண்டு சொல்லுறேல்ல. தெரியாத பிள்ளைக்கு ஒரு பொம்பிளை தன்ட சம்பளத்தில குடுத்தாத்தான் நாக்கு நீளுது. கேட்டவருக்கு மனிசனை விட்டே சொல்லச் சொல்லுங்க, ‘இல்ல அண்ணை, மாமனார் மகரகமவில இருக்கக்குள்ள எங்களுக்குச் செய்தாங்க, இப்ப நாங்க செய்யிறம்’ எண்டு. அதுக்கு மேல ஒண்டும் தேவையில்ல.

எடுப்பு எண்ட பயத்துக்கு வேற ஒரு காரணம் இருக்கு எண்டு நினைக்கிறன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில வள்ளத்தில இருந்து வாளி வரைக்கும் ஆரோ ஒராள்ட பேர் எழுதித்தான் வந்தது. பெனருக்கு முன்னால பொதியைக் கையில வச்சுக்கொண்டு நிண்டு படம் எடுத்தாப்பிறகுதான் விடுவாங்க, படம் சரிவரேல்ல எண்டா பொதியைத் திருப்பி வாங்கி இன்னொருக்காக் குடுப்பாங்க. லைன்ல என்ட பெரியம்மாவும் நிண்டவ, சீலைத் தலைப்பால முகத்தை மறைச்சுக்கொண்டு, ‘அம்மா கொஞ்சம் இஞ்ச பாருங்க’ எண்டு கமராக்காரன் கூப்பிட்டவன். அவ சாகும்வரைக்கும் அந்தப் பருப்பைப் பற்றிக் கதைக்கேல்ல, அந்தப் படத்தைப் பற்றித்தான் கதைச்சவ. இப்ப வெள்ளம் வந்தாலும் அதுதான், போனிலயே எடுத்துப் போடுறாங்க. இதைப் பாத்துப் பாத்து வெளிய சொன்னாலே அசிங்கம் எண்டு எங்களுக்குள்ள ஏறிப்போச்சு. ஆனா அதில அசிங்கம் குடுத்தவன்ட பேர் தெரிஞ்சதில்ல, வாங்கினவள்ட முகம் தெரிஞ்சது. நீங்க குடுக்கிறீங்க எண்டதை ஆருக்கும் சொல்லுங்க. அந்த ரெண்டு பிள்ளைகள் ஆர், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் எண்டதை மாமிக்கும் சொல்லாதீங்க, மச்சாளுக்கு அறவே வேணாம். மூதூர் எண்டு எனக்கு எழுதினதே கூட, ஆனா மூதூர் பெரிய இடம் எண்டபடியா விட்டுவிட்டன்.

பேஸ்புக்கை இப்ப விடுங்க. வீட்டில சண்டை ஆறாம அதில எழுதினா, மச்சாளுக்கு எழுதின மறுமொழி மாதிரித்தான் வாசிப்பாங்க, உங்களை அறியாம எழுத்தும் அப்பிடித்தான் வரும். முதல்ல வேலை செய்யிற இடத்தில ரெண்டுபேருக்கு, சாப்பிடக்குள்ள, கேட்டாச் சொல்லுங்க. ஆறேழு மாசம் போகட்டும், பிறகும் எழுதவேணும் எண்டு இருந்தா எழுதுங்க, தொகையை எழுதாம வீதத்தை எழுதுங்க, ஏன் தொடங்கினீங்க எண்டு அப்பாட கதையை எழுதுங்க, மற்ற ஆக்கள் குடுக்கிறேல்ல எண்டு ஒரு வரி கூட வேணாம். வெளிய சொன்னா என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட நாட்டிலயே ஒராள் இருந்தவர், டொக்டர் ஹட்சன் சில்வா. 1958இல, மெடிக்கல் ஸ்டூடன்டா இருக்கக்குள்ள, செத்தாப்பிறகு கண்ணைத் தாங்க எண்டு பேப்பர்ல எழுதினவர். செத்த உடம்பில கை வைக்கிறதா எண்டு இருந்த காலம் அது. ரெண்டு வருஷத்தில அவர்ட தாயே காலமாக, தாய்ட கண்ணையே எடுத்துக் குடுத்தார், அதையும் ஒளிக்கேல்ல. 1961இல கண்தான சங்கம் தொடங்கினது, 1964இல சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினாங்க, இண்டைக்கு எத்தனையோ நாட்டில எங்கட ஆக்கள்ட கண்ணால பாக்கிற சனம் இருக்கு. அவர் அடக்கமா வாயை மூடிக்கொண்டு தாய்ட கண்ணை மட்டும் குடுத்திருந்தா ரெண்டு பேருக்குப் பார்வை கிடைச்சிருக்கும், அவ்வளவுதான்.

கடன் கேட்டு வாற ஆக்கள்தான் உண்மையில கஷ்டம், இதுக்கு ஒரு மாயமும் என்னட்ட இல்ல. ‘ஆபிரிக்காக்காரனுக்குக் குடுக்கிறாய், சொந்தத்துக்கு இல்லையா’ எண்டு கேட்டா நெஞ்சில குத்தும். ஒரு வழி, அந்த 10,000த்துக்குள்ளயே 2,000 சொந்தத்துக்கு எண்டு பிரிச்சு வையுங்க, சேர்ந்ததுக்குள்ள கேட்டாக் குடுங்க, கடனா இல்ல, சும்மா, திருப்பித் தரவேணாம் எண்டு சொல்லிக் குடுங்க. அதுக்கு மேல கேட்டா ‘இந்த வருஷத்துக்கு ஒதுக்கினது முடிஞ்சுது, நானும் அவரும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறம்’ எண்டு ஒரே வசனம், காரணம் அடுக்கவேணாம், அடுக்கினா ஒவ்வொரு காரணத்துக்கும் அவங்களிட்ட ஒரு மறுமொழி இருக்கும். ஒருத்தர் கோவிப்பார். கோவிக்கட்டும், கலியாண வீட்டில திருப்பிக் கதைப்பார். ஒளிச்சு வச்சிருந்தா இந்தத் தலையிடி வந்திராது எண்டு நினைப்பீங்க, அது சரி, அந்தளவில ஒளிச்சு வைக்கிறதில லாபம் இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறன்.

கடைசியா சின்ன மகள். மெசேஜை வாசிச்சதுக்கு அவளுக்கு ஏச்சு விழுந்திருக்கும் எண்டு நினைக்கிறன், நீங்க எழுதேல்ல, ஆனா விழுந்திருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மாமிக்குப் பக்கத்தில இருத்தி, ‘அம்மம்மா, மலேரியாக்காரர் வீட்டுக்கு வந்தா என்ன செய்வீங்க’ எண்டு கேக்கச் சொல்லுங்க, வலையைப் பற்றி நீங்க ஒண்டும் எடுக்கவேணாம். அப்பம்மா எண்டுதான் சொல்லவேணும் என்ன, மன்னிச்சுக்கொள்ளுங்க, என்ட வீட்டுப் பழக்கத்தில எழுதிட்டன். மலத்தியன் மணத்தை அவ எப்பிடிச் சொல்லுறா எண்டு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க, நான் எத்தனை தரம் சொல்லியும் என்ட பிள்ளைகளுக்கு விளங்கேல்ல.